தந்தப் பெண்ணின் முடிச்சு

இரவு ஐந்தாம் மணி அடிக்கப் போகிற நேரம். நம் நியூரம்பர்க் கணக்கில் சொல்கிறேன்: சூரியன் விழுந்து ஐந்து மணி நேரம்.

காட்டுச் சாலையில் ஒரே ஒருவன். ஆயிரத்து எழுநூற்று ஒன்பது, பறவைகள் கிளையிலேயே விறைத்துக் கீழே விழுந்த அந்தக் குளிர்காலம். வலது கையில் லாந்தர். இடது கக்கத்தில் ஒரு கருப்புப் பெட்டி. காலடியில் பனி நொறுங்கிக்கொண்டிருந்தது. நறுக்... நறுக்... நறுக். அதற்கு நடுவே, அவன் கக்கத்திலிருந்து இன்னொரு சத்தம்.

டிக்.

பல்லை விரல் நகத்தால் தட்டினால் வருமே... அவ்வளவுதான்.

அவன் எண்ணிக்கொண்டே நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று... ஐம்பதில் மறுபடி, டிக். போன தடவை எண்பதில் வந்தது. அதற்கு முந்திய தடவை நூற்றைத் தாண்டியிருந்தது.

"பெட்டிக்குள்ள எலி" என்று என் கதைக்குக் குறுக்கே புகுந்தான் எண்ட்ரெஸ், கணப்புக்குப் பக்கத்திலிருந்து.

"நீ கொஞ்சம் வாய மூடுறியா? நூல் நூற்க வந்த பொண்ணுங்களப் பார்க்கத்தான நீ வந்த, பார்த்துக்கிட்டு சும்மா இரு" என்றாள் வால்பூர்கா. வீடு அவளுடையது. குளிர்காலம் முழுவதும் தெருப் பெண்கள் ராட்டினத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் கூடுவார்கள். ஒரு கணப்பு, ஒரு விளக்கு, எட்டுப் பேருக்கும் போதும். "நீங்க சொல்லுங்கண்ணே. யாரு அவன்?"

அவன் பெயர் கொன்ராட். என் நண்பன் யோப்ஸ்டின் தங்கை ஒட்டிலியாவைக் கட்டியவன். என்னைப் போலவே யானைத் தந்தத்தைக் கடைந்து சாமான் செய்கிற தந்தக் கடைசல்காரன். ஒரே ஒரு முறை, நன்றாகக் குடித்திருந்தபோது, இதை யோப்ஸ்டிடம் சொன்னான். யோப்ஸ்ட் குடிக்காமலே என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவன் குடித்தான்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் கதை நிற்காது.

ஒரு பெண். யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. கருப்பு மரக் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பாள், தலைக்கடியில் தந்தத் தலையணை. இரண்டு கைகளும் தோளில் ஒரு சின்ன முளையில் மாட்டியிருக்கும். கைகளை இறக்கினால் உள்ளங்கை வயிற்றின் மேல் வந்து படியும். தலைக்கு மேலே தூக்கினால்தான் வயிற்று மூடி விடுபடும். ஆணி கிடையாது, பசை கிடையாது. மூடியின் விளிம்பும் உடம்பின் விளிம்பும் அவ்வளவு பொருத்தம். நகத்தால் நெம்பினால் சின்னதாக ஒரு முத்தச் சத்தத்தோடு வந்துவிடும். உள்ளே நுரையீரல், கடுகு போல இதயம், ஈரல், ஒரே துண்டில் சுருள் சுருளாகச் செதுக்கிய குடல்... ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். எல்லாம் எடுத்த பிறகு கடைசியில் ஒரு குழிந்த கிண்ணம், நெல்லிக்காயில் பாதி அளவு. அதுதான் கருப்பை. அதையும் தனியே எடுக்கலாம். அதற்குள் அவரை விதை மாதிரி ஒரு குழந்தை, முழங்கால் மடக்கி, தலை குனிந்து. குழந்தையின் தொப்புளிலிருந்து கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஊசித் துளைக்கு ஒரு சிவப்புப் பட்டு நூல்.

வைத்தியர்கள் இதை வைத்திருப்பார்கள். தலைப்பிரசவத்துக்குப் பயப்படுகிற பெண்ணிடம் திறந்து காட்டி, "இதோ பாரம்மா, இப்படித்தான் படுத்திருக்கு, பயப்படாதே" என்பதற்கு.

காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் மெல்கியோர் என்று ஒரு வைத்தியர். யாரோ செத்த பிறகு ஏலத்தில் வந்த சாமான்களோடு இந்தப் பெட்டியை வாங்கினார். திறந்து பார்த்தால் எல்லாம் இருக்கிறது, குழந்தையைக் காணோம். கிண்ணத்தின் துளையில் பழைய நூலின் நுனி மட்டும். சரிசெய்து தரச் சொல்லிக் கொன்ராடிடம் அனுப்பினார்.

"புள்ள மட்டும் எங்க போச்சு?" என்றாள் ஒருத்தி.

"கீழ விழுந்து தொலஞ்சிருக்கும்" என்றான் எண்ட்ரெஸ். "அவரை விதை அளவுதான? கோழி தின்னிருக்கும்."

கொன்ராடும் அப்படித்தான் நினைத்தான். ஒரு தந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்தான்.

இங்கே ஒரு நிமிஷம். தந்தம் எது, எலும்பு எது என்று எங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். வெட்டிய முகத்தைப் பார்த்தால் தெரியும். எலும்பில் கருப்புப் புள்ளிகள் இருக்கும். தந்தத்தில் வலை பின்னிய மாதிரி கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். உலகத்தில் வேறு எந்தப் பொருளுக்கும் அந்தக் கோடு கிடையாது. ஆனால் பார்க்கவே வேண்டாம், காது போதும். வால்பூர்கா, அந்த விளக்கைக் கொஞ்சம் கையால் மறை.

என் பையில் எப்போதும் நாலைந்து பொத்தான்கள் கிடக்கும். இருட்டில் ஒவ்வொன்றாகப் பலகை மேல் போட்டேன்.

தொக்.

டக்.

டிக்.

"முதலாவது கொம்பு. ரெண்டாவது எலும்பு. மூணாவது தந்தம். இப்ப மாத்திப் போடுறேன், சொல்லுங்க."

எண்ட்ரெஸ் இரண்டு தடவையும் தப்பாகச் சொன்னான். பெண்கள் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இது அத்துப்படி. கூட்டிப் பெருக்கும்போது எது குப்பை, எது குப்பையில்லை என்று அவர்கள் காதால்தான் முடிவு செய்வார்கள்.

சரி... கொன்ராட் குழந்தையைச் செதுக்கி முடித்தான். நல்ல வேலைக்காரன் அவன். காது மடல்கூட வந்துவிட்டது. இனி நூல். துளையில் இருந்த பழைய நூலின் நுனியைப் பிடித்து இழுத்தான். முடிச்சு தானாக அவிழ்ந்து வந்துவிட்டது. ஒரு முனையை இழுத்தால் உருவிக்கொண்டு வருகிற முடிச்சு. அவன் சிரித்துவிட்டான். இவ்வளவு அருமையாகச் செதுக்கியவன், முடிச்சை மட்டும் சோம்பேறித்தனமாகப் போட்டிருக்கிறானே! அதனால்தான் குழந்தை தொலைந்திருக்கிறது என்று நினைத்தான்.

சிவப்புப் பட்டு நூலுக்கு எங்கே போவது? ஒட்டிலியா ஒரு நூல் வாங்கி வைத்திருந்தாள். எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பிறந்ததும், கண் படாமல் இருக்க, மணிக்கட்டில் கட்டுவதற்கு. அப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டும் மூச்சு விடுவதற்கு முன்பே போய்விட்டன, ஞானஸ்நானம்கூட இல்லாமல். கோவில் கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், சுவரோரமாகப் புதைத்திருக்கிறார்கள். அந்த மழைத் தண்ணீராவது தலையில் விழட்டும் என்று.

"என் புள்ளைக்கு வாங்கினது. அந்தத் தந்தப் புள்ளைக்குக் கேக்குறியா?" என்றாளாம் ஒட்டிலியா.

"ஒரு விரல் நீளம் போதும்டி."

"நீ பெத்ததா அது?"

"நான்தான செதுக்கினேன்."

"சரி, எடுத்துக்க." சிரித்துக்கொண்டே அவளே பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாள். "ரெண்டுக்கும் ஒரே நூல்."

கொன்ராட் நூலைத் துளையில் கோத்தான். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் மூன்றாவது. அதோடு விடவில்லை. எங்களிடம் வாய்ப்பசை என்று ஒன்று உண்டு: மீன் பசையில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, தகடாக உலர்த்தி வைப்போம். வேண்டும்போது ஒரு ஓரத்தை நாக்கில் வைத்து ஈரப்படுத்தித் தடவினால் போதும். காய்ந்தால் கல். அதை மூன்று முடிச்சின் மேலும் தடவினான். "இனி உலக முடிவு வரைக்கும் அவுராது" என்றான். பெண்ணின் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, பெட்டியைப் பூட்டி, ஒரு வண்டிக்காரனிடம் வைத்தியருக்குக் கொடுத்தனுப்பினான்.

மறுநாள் விடியற்காலையில் ஒட்டிலியாவுக்கு வலி எடுத்தது.

மருத்துவச்சி உர்ஸுலா வந்தாள். முப்பது வருஷமாக நம் பேட்டையில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவள். வந்ததும் அவள் செய்த முதல் வேலை, நம் எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். பூட்டுகளையெல்லாம் திறக்கச் சொன்னாள். பெட்டி மூடி, அலமாரி, கதவுத் தாழ்ப்பாள். ஒட்டிலியாவின் சடையை அவிழ்த்தாள். தன் மேலங்கிக் கயிற்றையும் அவிழ்த்துப் போட்டாள். வீட்டில் எது கட்டியிருந்தாலும் பிள்ளைக்கு வழி அடைபடும்.

மதியம் வரை பிள்ளை வரவில்லை.

கொன்ராட் செருப்பு வாரை அவிழ்த்தான். வெங்காயச் சரத்தை அவிழ்த்தான். பட்டறைக்குப் போய்க் கடைசல் இயந்திரத்தின் கயிற்றையும் அவிழ்த்தான். அந்தக் கயிறு மேலே வளைகழியில் தொடங்கி, கடையும் பொருளை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே மிதிகட்டையில் முடியும்; இரண்டு முனையிலும் முடிச்சு. அதை அவிழ்த்தால் வேலை நின்றது என்று அர்த்தம். அவன் அதையும் பார்க்கவில்லை.

சூரியன் விழுந்தது. ஒட்டிலியாவின் குரல் கம்மிப்போயிருந்தது. கத்தக்கூட அவளிடம் தெம்பில்லை.

உர்ஸுலா கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். "தல கீழதான் இருக்கு. வழியும் திறந்துதான் இருக்கு. ஆனா ஏதோ புடிச்சு இழுக்குது. அவ ஒரு விரக்கடை தள்ளினா, அது ஒரு விரக்கடை மேல போகுது. என்னமோ கட்டிக் கெடக்குது, கொன்ராட். நல்லா யோசி."

"எல்லாத்தையும் அவுத்துட்டேன்மா."

"மணிக்கட்டுல கட்ட ஒரு நூல் எடுத்து வச்சிருப்பாளே, அத எடு." அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு முனையில் பல் தடம். "இது யாரு கடிச்சது? மிச்சம் எங்க?"

அவன் சொன்னான்.

அவள் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்ததாம். மெதுவாகச் சொன்னாள்: "போ. நீ கட்டினத நீதான் அவுக்கணும். அவுக்கணும், புரியுதா? வெட்டிடாத. நீ அங்க வெட்டினா, இங்க எது அறுபடும்னு எனக்குத் தெரியாது."

ராத்திரி ஊர்க் கோட்டைக் கதவை மூடிய பிறகு திறக்கிற சின்ன வாசல் வழியாக அவன் ஊரை விட்டு வெளியே போனான். காட்டு வழி. ஓடியும் நடந்தும், பனியில் இரண்டு முறை விழுந்தும் போனான்.

வைத்தியர் வீட்டுக் கதவைத் தட்டக் கை ஓங்கும்போதே கதவு திறந்தது. மெல்கியோர் நின்றுகொண்டிருந்தார். இரவுத் தொப்பி, மேலே கம்பளி, ஒரு கையில் மெழுகுவர்த்தி. இன்னொரு கையில் அந்தப் பெட்டி.

"நீயே வந்துட்டியா. காலையில உனக்கு ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்."

"ஐயா, ஒரு முடிச்ச மட்டும் அவுத்துட்டுப் போயிடுறேன். சமையக்கட்டுல கொஞ்சம் வெந்நீர் கிடைச்சா..."

"இங்க திறக்காத."

"ஐயா, என் பொஞ்சாதி..."

"எடுத்துட்டுப் போப்பா. சாவி இந்தா." பெட்டியை அவன் கைக்குள் திணித்தார். "விடியக்காலையில இருந்து தட்டிக்கிட்டே இருக்கு. எலின்னு நெனச்சேன். அப்புறம் மணல் கடிகாரத்த வச்சு நேரம் பார்த்தேன். நான் வைத்தியம் படிச்சவன். எலி இப்படி விட்டு விட்டுத் தட்டாது. மொதல்ல ரொம்ப நேரத்துக்கு ஒருக்கா... போகப் போக நெருக்கமா... இது எந்தக் கணக்குன்னு எனக்குத் தெரியும்."

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்.

இப்போது புரிகிறதா, அவன் ஏன் எண்ணிக்கொண்டே நடந்தான் என்று?

காட்டுக்குள் ஐம்பதில் வந்தது. நாற்பதில் வந்தது. பிறகு முப்பதில். டிக். ஒவ்வொரு தட்டலுக்கும் ஊரில் அவள் பல்லைக் கடிக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு ஓடி, வெந்நீரில் அவிழ்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். இருபத்தைந்தில் ஒன்று வந்தது.

அப்புறம்... முப்பது எண்ணினான். நாற்பது. எழுபது. நூறு.

ஒன்றும் வரவில்லை.

வால்பூர்கா வீட்டில் ராட்டினங்கள் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று யாரும் கவனிக்கவில்லை.

சாலையோரத்தில் ஒரு எல்லைக் கல். அதன் மேல் பெட்டியை வைத்தான். லாந்தரைப் பக்கத்தில் வைத்துச் சாவியைத் திருப்பினான். மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது மணம். புது ரத்தம், ஈர வைக்கோல், வியர்வை... பிரசவ அறையின் மணம். அந்தக் குளிரில், ஒரு பெட்டிக்குள்ளிருந்து, வெதுவெதுப்பாக.

பெண் மல்லாந்து படுத்திருந்தாள். தலைக்கு மேலே அவன் தூக்கி வைத்திருந்த கைகளில் ஒன்று இறங்கியிருந்தது. வலது கை. உள்ளங்கை வயிற்று மூடியின் மேல் படிந்திருந்தது.

பெட்டி ஆடியதில் இறங்கியிருக்கலாம். அவன் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஒரு விரலால் அந்தக் கையைத் தூக்கப் பார்த்தான். முளைக்கு அவனே எண்ணெய் விட்டிருந்தான், தொட்டாலே ஆடும். இப்போது வரவில்லை. இறுகிப் போகவில்லை... அவன் சொன்ன வார்த்தையையே சொல்கிறேன்... அழுத்திப் பிடித்திருந்தது.

"அம்மா" என்றான் அவளிடம். வேறு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அம்மா, விடும்மா. கட்டினது தப்பு. நான் அவுத்துடுறேன்."

கை தளர்ந்தது.

மூடி. நுரையீரல். இதயம். ஈரல். குடல். விறைத்த விரல்களால் ஒவ்வொன்றையும் எடுத்துத் தொப்பிக்குள் போட்டான். கிண்ணத்தை எடுத்தான். குழந்தை உள்ளே இருந்தது, நூலும். மூன்று முடிச்சும் அப்படியே, பசை ஏறிக் கண்ணாடி மாதிரி. ஊசியால் குத்தினான், ஊசி வழுக்கியது. வெந்நீர் இல்லை. பனியை உருக்கலாம் என்றால் லாந்தர்ச் சுடருக்கு அதற்கெல்லாம் சூடு போதாது. இடுப்பில் கத்தி இருந்தது. ஒரு கீறல் போதும்.

"வெட்டிடாத" என்றிருந்தாள் உர்ஸுலா.

வாய்ப்பசை. எதனால் இளகும்? எதனால் நனைத்துத் தடவினானோ அதனால்தான்.

கிண்ணத்தைக் குழந்தையோடு வாய்க்குள் போட்டுக்கொண்டு உதடுகளை மூடினான்.

தந்தம் முதலில் பனிக்கட்டியாக இருந்தது. பல் கூசியது. மெல்ல மெல்லச் சூடானது. பசை கரையத் தொடங்கியது, மீன் வாடையும் சர்க்கரையும். நாக்கு நுனியால் முடிச்சைத் தேய்த்தான். சர்க்கரை தீர்ந்ததும் உப்பு வந்தது. அதுவரை அவன் தன் நாக்கைக் கடிக்கவில்லை, எங்கும் காயமில்லை. ஆனால் உப்பு. ரத்தத்தின் உப்பு.

பிறகு, மூடிய வாய்க்குள், நாக்கின் மேல்...

ஒரு உதை.

உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். உள்ளிருந்து, சின்னதாக, குதிகாலால். அவனுக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் தெரிந்துகொண்டான்.

அவன் துப்பவில்லை. அதற்காகவே அவனைக் கும்பிடலாம். கண்ணில் நீர் வழிய, வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான், முடிச்சு நாக்குக்கு மெத்தென்று ஆகும் வரை. பிறகு உள்ளங்கையில் எடுத்து வைத்து ஊசி முனையை நுழைத்தான். மூன்றாவது முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது. தூரத்தில் நம் ஊர் மணி அடிக்கத் தொடங்கியது. உறைபனியில் சத்தம் வெகுதூரம் வரும். ஒன்று... இரண்டு... மூன்று... நூல் துளையை விட்டு உருவிக்கொண்டு வந்தது. நான்கு.

காட்டில் அவனுக்கு மிக அருகே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். ஒரு பெண். பாரம் இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு.

ஐந்து.

எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்தான். குழந்தையைக் கிண்ணத்துக்குள் வைத்ததாக யோப்ஸ்டிடம் சத்தியம் செய்திருக்கிறான். பூட்டினான். ஓடினான். திரும்பும் வழி முழுவதும் பெட்டியில் சத்தமே இல்லை.

தெரு முனையிலேயே அழுகுரல் கேட்டது. அடித் தொண்டையிலிருந்து, கோபமாக, உயிரோடு.

உர்ஸுலா வாசலிலேயே அவனைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அஞ்சு அடிச்சு ஓயல, வழுக்கிக்கிட்டு வந்து கையில விழுந்துச்சு. உனக்கு பியரக் காய்ச்சி சூப் வச்சிருக்கேன், குடி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்குறேன். அந்த நூல என்ன பண்ண?"

அவன் சட்டைப் பையில் தேடினான். மறு பையில் தேடினான். இல்லை.

"தேடாத" என்றாள் உர்ஸுலா. "கொடியக் கட்டுறதுக்கு நான் நூலெடுத்துக்கிட்டுத் திரும்புறேன்... ஏற்கெனவே கட்டியிருக்கு. சிவப்புப் பட்டு. அறையில நானும் அவளும்தான். அவ கண்ணத் திறக்கவே இல்ல." இரண்டு விரலால் காற்றில் ஒரு வளையம் போட்டுக் காட்டினாள். "ஒரு முனையப் புடிச்சு இழுத்தா உருவிக்கிட்டு வருமே, அந்த மாதிரி முடிச்சு. முப்பது வருஷத்துல நான் அப்படிக் கட்டினதில்ல. நான் அதத் தொடல. நீயும் தொடாத."

அவள் போன பிறகு கொன்ராட் பெட்டியைத் திறந்தான். பெண்ணின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. வயிற்று மூடி, நகம் படுவதற்கு முன்பே வந்துவிட்டது. கிண்ணம் வெறுமையாக இருந்தது.

"கோழி" என்றான் எண்ட்ரெஸ். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

பிள்ளை நன்றாகப் பால் குடித்தது. முதல் வாரம் உடம்பு மஞ்சளாக இருந்தது. நிறைய பிள்ளைகளுக்கு வருவதுதான். ஜன்னலோரமாக வெயிலில் கிடத்தச் சொன்னார்கள். நாலு நாளில் வெளுத்துவிட்டது. அது மட்டும் கொன்ராடுக்கு உறுத்தியது. இருட்டில் கிடந்து மஞ்சள் பூத்த தந்தத்தை நாங்களும் அப்படித்தான் வெளுக்க வைப்போம். ஜன்னலோரம், வெயிலில், நாலு நாள்.

ஒன்பதாம் நாள் காலை. ஒட்டிலியா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையின் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். கொன்ராட் திறந்த கதவுக்கு அப்பால், பட்டறையில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைசல் இயந்திரத்தின் கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். காய்ந்த தொப்புள் கொடி உதிரும் நாள். துணியை உதறியபோது அது உதிர்ந்து பலகைத் தரையில் விழுந்தது.

டிக்.

அவன் திரும்பி உள்ளே வந்தான். குனிந்து எடுத்தான். விரல் நகத்தளவு இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு நூல். வெளிச்சத்தில் திருப்பினான். உடைந்த முகத்தில் கோடுகள், வலை மாதிரி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு. கையை மூடிக்கொண்டான்.

"என்ன விழுந்துச்சு?" என்றாள் ஒட்டிலியா.

"ஒண்ணுமில்லடி. சட்டைப் பொத்தான்."

அவள் அவனுடைய மூடிய கையைப் பார்த்தாள்.

"உன் சட்டைப் பொத்தான் கொம்பாச்சே, தொக்குன்னுதான விழும்" என்றாள்.

பிள்ளையை மடியோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். அதன் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அழுத்தி வைத்தாள். யார் வந்து தூக்கினாலும் விடாத மாதிரி.